குழந்தைகளின் உடலில் உப்பு, நீர், அமில-காரச் சமநிலை: கரிசல் வட்டாரப் பெற்றோர் அறிய வேண்டியவை

கோவில்பட்டி, எட்டயபுரம், கயத்தாறு, விளாத்திகுளம் வட்டாரங்களில் 'நல்ல தண்ணீர்' என்றும் 'உப்புத் தண்ணீர்' என்றும் இரு சொற்கள் எல்லா வீடுகளிலும் வழங்குகின்றன. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒன்று, துவைப்பதற்கும் புழங்குவதற்கும் மற்றொன்று. கரிசல் நிலத்தின் பல ஊர்களில் கிணற்று நீரும் ஆழ்துளை நீரும் உவர்ப்பாக இருக்கின்றன. கோவில்பட்டி நகரத்துக்குச் சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணி நீர் குழாய் வழியே கொண்டுவரப்படுகிறது. குடிநீர் வராத நாளில் பெரியவர் ஒருவர் சற்று உவர்ப்பான நீரைக் குடித்துவிட்டால், அவருடைய சிறுநீரகம் மிகுதியான உப்பைப் பிரித்து வெளியேற்றிவிடும். ஐந்து கிலோ எடையுள்ள கைக்குழந்தைக்கு அந்த ஆற்றல் இன்னும் முழுமையாக வளர்ந்திருக்காது. குழந்தையின் உடலில் உப்பும் நீரும் சேர வேண்டிய அளவு மிகக் குறுகிய எல்லைக்குள் அமைந்தது. அந்த எல்லை எவ்வாறு மீறப்படுகிறது, வீட்டில் எதைச் செய்யலாம், எப்போது மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

சமநிலை என்றால் என்ன?

இரத்தத்திலும் உடல் செல்களிலும் உள்ள நீரில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் முதலிய தாது உப்புகள் கரைந்துள்ளன. இவற்றை மருத்துவர்கள் 'எலக்ட்ரோலைட்' என்பர். பாடநூல்களில் 'மின்பகுளி' என்ற பெயர் உண்டு. ஒரு லிட்டர் இரத்த நீரில் சோடியம் 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை. பச்சிளங்குழந்தைகளுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். இரத்தத்தின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்க வேண்டும்.

உணவு எரிந்து ஆற்றலாக மாறும்போது உடலில் இடைவிடாமல் அமிலம் உண்டாகிறது. அதில் ஒரு பகுதியை நுரையீரல் கரியமில வாயுவாக வெளிவிடுகிறது. மற்றொரு பகுதியைச் சிறுநீரகம் சிறுநீரில் சேர்த்து அகற்றுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, உண்டாகும் அமிலத்தை உடனுக்குடன் தணிக்கும் பொருளாக இரத்தத்தில் பைகார்பனேட் உள்ளது. இம்மூன்றில் ஒன்று தவறினாலும் இரத்தம் அமிலத்தின் பக்கமோ காரத்தின் பக்கமோ சாயும்.

பிறந்த குழந்தையின் எடையில் ஏறத்தாழ 75 விழுக்காடு நீரே. வளர்ந்த ஆணுக்கு அது ஏறத்தாழ 60 விழுக்காடு. கைக்குழந்தைக்கு ஒவ்வொரு கிலோ எடைக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் நீர் தேவைப்படுகிறது. இதே கணக்கை 60 கிலோ எடையுள்ள பெரியவருக்குப் பொருத்தினால், அவர் ஒவ்வொரு நாளும் ஆறு லிட்டர் குடிக்க வேண்டியிருக்கும். குழந்தையின் உடலில் நீர் அவ்வளவு விரைவாக வந்து போகிறது. ஆகவே பெரியவர் இரண்டு நாள் தாங்கும் வயிற்றுப்போக்கு, குழந்தையைச் சில மணி நேரத்திலேயே வீழ்த்திவிடக்கூடும்.

வயிற்றுப்போக்கும் வேக மூச்சும்

குழந்தைகளுக்கு இச்சமநிலை குலைவதற்கு மிகப் பொதுவான காரணம் வயிற்றுப்போக்கே. நீராகக் கழியும் மலத்துடன் சோடியமும் பொட்டாசியமும் பைகார்பனேட்டும் சேர்ந்தே வெளியேறுகின்றன. பைகார்பனேட் குறைந்தால் அமிலத்தைத் தணிக்க ஆள் இல்லை. நீர் வற்றியதால் இரத்த ஓட்டம் குறைந்த உடல் திசுக்களோ மேலும் அமிலத்தை உண்டாக்குகின்றன. இந்நிலையில் சிறுநீரும் குறைந்துவிடுவதால், எஞ்சியிருக்கும் ஒரே வழி நுரையீரல்தான். குழந்தை வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடத் தொடங்குகிறது.

இங்கேதான் பல பெற்றோர் திசை மாறிப்போகின்றனர். மூச்சு வாங்குவதைக் கண்டதும் 'சளி கட்டியிருக்கிறது' என்று எண்ணி, சளி மருந்து வாங்கிக் கொடுத்து ஒரு பகலைக் கழித்துவிடுகின்றனர். நுரையீரல் அழற்சியிலும் மூச்சு வேகமாகும் என்பது உண்மை. ஆனால் இருமல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை, கழிச்சலோ வாந்தியோ நடந்துகொண்டிருக்கிறது, அத்துடன் மூச்சு ஆழ்ந்து இழுக்கிறது என்றால், அது இரத்தத்தில் அமிலம் கூடியதன் அடையாளமாக இருக்கலாம். இவ்வேறுபாட்டை வீட்டில் முடிவு செய்ய வேண்டியதில்லை. இரண்டில் எதுவாயினும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலையே.

நீர் வற்றியதற்கான அடையாளங்களைப் பெற்றோரே கண்டறியலாம். கண்கள் குழிவிழுதல், அழும்போது கண்ணீர் வராமை, நாக்கும் வாயும் உலர்தல், ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழியாமை, கைக்குழந்தைக்கு உச்சிக்குழி பள்ளமாதல் ஆகியன அவை. வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளி விட்டால் அது உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். மெதுவாகத் திரும்பினால் நீர் வற்றியுள்ளது என்பது பொருள். நீர் வற்றிய குழந்தை தொடக்கத்தில் எரிச்சலுடன் அழும், தண்ணீரைக் கண்டால் ஆவலோடு குடிக்கும். பின்னர் சோர்ந்து, குடிக்கவும் மறுக்கும். அழுகை நின்றதைக் குணமானதாகக் கொள்ளக் கூடாது.

உப்பு-சர்க்கரைக் கரைசல்: அளவே மருந்து

1971-ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது, எல்லையைக் கடந்து வந்த அகதிகளிடையே மேற்கு வங்கத்தின் பன்காவ் நகரில் காலரா பரவியது. அங்குச் சிகிச்சையளித்த குழந்தைநல மருத்துவர் திலீப் மகலானபிஸிடம் இரத்தக் குழாயில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோகும் நிலை வந்தது. அவருடைய குழு குளுக்கோஸ் 22 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், சோடியம் பைகார்பனேட் 2.5 கிராம் என எடைபோட்டு, ஒரு லிட்டர் நீருக்கான பொட்டலங்களைக் கட்டியது. கரைசலை உறவினர்களே நோயாளிகளுக்குப் புகட்டினர். அதற்கு முன் 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு, இம்முறையில் 4 விழுக்காட்டுக்கும் கீழே குறைந்தது. சோடா உப்பு எனப்படும் அந்தப் பைகார்பனேட், அமிலத்தைச் சமன்செய்யவே சேர்க்கப்பட்டது. இன்றைய பொட்டலத்தில் அதற்குப் பதிலாக, ஈரக்காற்றில் கெடாத சிட்ரேட் உள்ளது.

இக்கரைசல் செயல்படும் விதம் எளியது. சர்க்கரை குடலின் சுவரைக் கடக்கும்போது சோடியத்தையும் உடன் அழைத்துச் செல்கிறது. அவற்றைத் தொடர்ந்து நீர் செல்கிறது. கழிச்சல் நடந்துகொண்டிருக்கும் குடலிலும் இவ்வழி அடைபடுவதில்லை. ஆனால் சர்க்கரையும் உப்பும் குறிப்பிட்ட விகிதத்தில் இருந்தால்தான் இது நடக்கும். உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள இன்றைய அளவின்படி ஒரு லிட்டர் கரைசலில் சோடியம் 75, குளுக்கோஸ் 75, குளோரைடு 65, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10 மில்லிமோல் இருக்கும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தின் எடை 20.5 கிராம்.

மிகுதியாக நிகழும் பிழையும் மிக ஆபத்தான பிழையும் ஒன்றே: ஒரு லிட்டருக்கான முழுப் பொட்டலத்தையும் ஒரு தம்ளர் நீரில் கரைப்பது. தம்ளர் என்பது 200 மில்லிலிட்டர். அதில் கரைத்தால் செறிவு ஐந்து மடங்காகி, சோடியம் லிட்டருக்கு 375 மில்லிமோல் ஆகிவிடும். தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு செம்பு கடல்நீரை எடுத்தால் அதில் உள்ள சோடியத்தின் அளவு ஏறத்தாழ 470. அதாவது மருந்து என்று எண்ணிக் குழந்தைக்குக் கடல்நீரில் ஐந்தில் நான்கு பங்கு உப்பைப் புகட்டுகிறோம். 'கெட்டியாகக் கலந்தால் விரைவில் கேட்கும்' என்ற நம்பிக்கை இங்கு உயிருக்கே தீங்காகும்.

பொட்டலத்தின் மேல் 'ஒரு லிட்டருக்கு' என்று உள்ளதா, '200 மில்லிலிட்டருக்கு' என்று உள்ளதா என்பதை முதலில் படிக்க வேண்டும். இருவகைப் பொட்டலங்களும் கடைகளில் கிடைக்கின்றன. படிக்கத் தெரியாதவர்கள் கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ கேட்டு உறுதிசெய்து கொள்ளலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுவி அளவாகப் பயன்படுத்துவது எளிய வழி. பாதிப் பொட்டலத்தை எடுத்து வைத்துக்கொண்டு கண்ணளவாகக் கலக்கக் கூடாது. பாலிலோ, பழச்சாற்றிலோ, சோடாவிலோ கரைக்கக் கூடாது. மேலும் சர்க்கரை சேர்க்கக் கூடாது. கலந்த கரைசலைச் சூடாக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குப் பின் எஞ்சியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும்.

கரிசல் வட்டாரத்தில் இன்னொரு கேள்வியும் எழும்: எந்தத் தண்ணீரில் கலப்பது? இந்திய தர நிர்ணய அமைவனத்தின்படி குடிநீரில் கரைந்துள்ள மொத்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காத இடங்களில் 2000 வரை ஏற்கலாம். உவர்ப்பான நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் சோடியம் இருப்பதாகக் கொள்வோம். அதில் கலந்த கரைசலின் சோடியம் 75-லிருந்து ஏறத்தாழ 97-க்கு உயர்ந்துவிடும். 'காய்ச்சிவிட்டால் சரியாகிவிடும்' என்று பலர் எண்ணுகின்றனர். காய்ச்சினால் கிருமிகள் அழியும், உப்பு அழியாது. நீர் ஆவியாவதால் உப்பின் செறிவு சற்றுக் கூடவே செய்யும். எனவே கரைசலுக்கும், மருத்துவர் அறிவுரைப்படி பால்பவுடர் கொடுக்கும் வீடுகளில் அதைக் கலக்கவும், சமையலுக்கு எடுத்துவைக்கும் நல்ல தண்ணீரையே காய்ச்சி ஆறவைத்துப் பயன்படுத்த வேண்டும். குடிநீர் நான்கு நாளுக்கு ஒருமுறை வரும் ஊர்களில், குழந்தைக்கென ஒரு குடம் தனியே மூடிவைப்பது வீண்வேலை அன்று.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை கழிந்த பின்னும் 50 முதல் 100 மில்லிலிட்டர், அதற்கு மேற்பட்ட வயதினருக்கு 100 முதல் 200 மில்லிலிட்டர் கொடுக்கலாம். நீர் வற்றிய அடையாளங்கள் தோன்றிவிட்டால், மருத்துவப் பணியாளரின் பார்வையில் நான்கு மணி நேரத்துக்குள் கிலோவுக்கு 75 மில்லிலிட்டர் வீதம் கொடுக்கப்படும். எட்டு கிலோ குழந்தைக்கு 600 மில்லிலிட்டர். ஒரே மூச்சில் குடிக்க வைத்தால் வாந்தி எடுக்கும். ஓரிரு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டியாகப் புகட்ட வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் மெதுவாகத் தொடங்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கழிச்சல் ஏற்பட்டால் வீட்டு வைத்தியத்துடன் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பொட்டலம் கிடைக்காத இரவில், ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் கரைத்துக் கொடுக்கலாம். இதில் பொட்டாசியமும் சிட்ரேட்டும் இல்லை. பொட்டலம் வந்து சேரும் வரைக்கான ஏற்பாடு மட்டுமே. உப்பிட்ட அரிசிக் கஞ்சி, உப்பிட்ட மோர் ஆகியவை கழிச்சலின் தொடக்கத்தில் நல்லவை. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஆகவே அது கரைசலுக்கு மாற்று ஆகாது. சிறுநீரக நோயுள்ள குழந்தைக்கு அது தீங்கும் செய்யும். பதநீரும் குளிர்பானங்களும் சர்க்கரை மிகுந்தவை. அவை குடலுக்குள் மேலும் நீரை இழுத்துக் கழிச்சலைப் பெருக்கும்.

மருந்துக் கடைகளில் அட்டைப் பெட்டியில் விற்கப்படும் இனிப்புப் பானங்கள் சில, நெடுங்காலம் ஓஆர்எஸ் என்ற சொல்லைப் பெயரில் தாங்கி வந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுக்குப் பொருந்தாத எப்பானமும் அச்சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் ஆணையிட்டது. வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சரியான பொட்டலம் விலையின்றியே கிடைக்கிறது.

உப்பு மிகுந்த பச்சிளங்குழந்தை

சோடியம் 145-ஐத் தாண்டி உயர்வது பச்சிளங்குழந்தைகளிடம் கழிச்சல் இல்லாமலும் நிகழும். தலைப்பிரசவம், பால் ஊறுவதில் தாமதம், மார்பில் சரியாகப் பொருந்தாத குழந்தை, இவற்றோடு சித்திரை, வைகாசி வெயில் என்ற நிலையை எண்ணிப் பாருங்கள். ஓட்டு வீட்டின் வெக்கையில் குழந்தையின் தோல் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. உள்ளே செல்லும் பாலோ போதவில்லை. உடலில் உப்பு கூடவில்லை, நீர் குறைகிறது. அதனால் இருக்கும் உப்பின் செறிவு ஏறுகிறது.

இக்குழந்தை 'சமத்தாக' உறங்கிக்கொண்டே இருக்கும். பாலுக்கு அழாததைப் பார்த்து வீட்டார் மகிழ்வதும் உண்டு. ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர் கழித்தல், காய்ச்சல், மஞ்சள் நிறம் கூடுதல், பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைதல் ஆகியவை எச்சரிக்கைகள். சோடியம் மிகுந்தபோது தோல் கிள்ளும் சோதனையை மட்டும் நம்ப முடியாது. தோல் மாவுபோல் தளதளவென்று இருந்து, நீர் வற்றியதை மறைத்துவிடும். பிறந்த மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே ஒருமுறை குழந்தையை எடைபோடுவது இந்நோயை முன்கூட்டியே பிடிக்கும் எளிய வழி.

இதற்குத் தீர்வு தாய்க்கு உதவி செய்து பாலூட்டலைச் சரிப்படுத்துவதே. சர்க்கரைத் தண்ணீரோ வெந்நீரோ கொடுப்பது தீர்வு ஆகாது. பால்பவுடர் கொடுக்க நேர்ந்தால் டப்பாவில் குறித்துள்ள அளவுக்கு மேல் ஒரு கரண்டி கூடச் சேர்க்கக் கூடாது. தாய் தீப்பெட்டி ஆலைக்கோ காட்டு வேலைக்கோ செல்லும் வீடுகளில் புட்டியைக் கலக்குபவர் பெரும்பாலும் பாட்டியே. ஆகவே அளவை அவருக்கும் நேரில் காட்டித் தருவது அவசியம்.

உப்பு குறைந்த குழந்தை

இதற்கு நேர்மாறான நிலையும் வீட்டிலேயே உண்டாகக்கூடியது. வெயிலுக்குத் 'தொண்டை வறளும்' என்று ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அடிக்கடி வெறும் தண்ணீர் புகட்டுதல், பால்பவுடர் சிக்கனமாகச் செலவாகட்டும் என்று நீர்க்கக் கலத்தல், பசும்பாலில் மூன்று பங்கு நீர் சேர்த்தல், கழிச்சலின்போது உப்பில்லாத வடிகஞ்சியை மட்டும் கொடுத்தல் ஆகியவற்றால் இரத்தத்தின் சோடியம் 135-க்குக் கீழே இறங்குகிறது. மிகவும் இறங்கும்போது மூளைச் செல்கள் நீரை உறிஞ்சி வீங்கும். குழந்தைக்குத் திடீரென வலிப்பு வரும். காய்ச்சல் இல்லாமல் வந்த வலிப்பு என்றால், குழந்தைக்கு என்னென்ன ஊட்டினீர்கள் என்பதை ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சேனை வைத்ததையும் உரைமருந்து கொடுத்ததையும் சொல்லலாம். சிகிச்சையை முடிவு செய்ய அது உதவும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு, கத்திரி வெயிலிலும் தனியே தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலின் பெரும்பகுதி நீர்தான்.

இவ்விடத்தில் 'குளுக்கோஸ் பாட்டில்' பற்றியும் சொல்லியாக வேண்டும். சோர்ந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் 'ஒரு குளுக்கோஸ் ஏற்றுங்கள்' என்று கேட்பது நம் ஊர்களில் வழக்கம். வெறும் குளுக்கோஸ் நீரில் உப்பே இல்லை. உடல் அந்தச் சர்க்கரையைச் செலவிட்ட பின் எஞ்சுவது தண்ணீர் மட்டுமே. கழிச்சலால் உப்பை இழந்த குழந்தைக்கு அதை ஏற்றினால் சோடியம் மேலும் இறங்கும். மருத்துவர் மறுத்தால், அது சிக்கனத்தால் அன்று.

பொட்டாசியம்

கழிச்சல் பல நாள் நீடித்தாலும், குழந்தை முன்பே மெலிந்திருந்தாலும் பொட்டாசியம் குறையும். கழுத்து நிற்காமல் துவளும். கை கால்கள் தளரும். வயிறு உப்பி மலமும் காற்றும் பிரியாது. இதயத் துடிப்பும் தடுமாறலாம். பொட்டாசியத்தை இரத்தக் குழாயில் மிக மெதுவாக, பெரும்பாலும் சிறுநீர் பிரிவதை உறுதிசெய்த பின்னரே செலுத்துவார்கள். விரைந்து செலுத்தினால் இதயம் நின்றுவிடக்கூடும்.

கழிச்சல் இல்லாமலே வரும் குலைவுகள்

பிறந்து மூன்று முதல் ஆறு வாரத்தில் ஆண் குழந்தை, குறிப்பாக முதல் குழந்தை, பால் குடித்தவுடன் பாய்ந்து வாந்தி எடுத்து, உடனே மீண்டும் பசித்து அழுதால், இரைப்பையின் வாயில் தசை தடித்து அடைத்திருக்கலாம். இரைப்பை அமிலம் வெளியேறிக்கொண்டே இருப்பதால் இரத்தம் காரத்தின் பக்கம் சாய்கிறது. சிறிய அறுவை சிகிச்சையால் இது முற்றிலும் குணமாகும். ஆனால் இரத்தத்தின் உப்பு நிலையைச் சீராக்கிய பிறகே மயக்க மருந்து கொடுப்பார்கள். அறுவை சிகிச்சை ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போவது இதனால்தான். பச்சை நிறத்தில் வாந்தி எடுக்கும் குழந்தையின் நிலை வேறு. அது குடல் முறுக்கமாக இருக்கலாம், ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

பிறந்த இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வாந்தியுடன் எடை குறைந்துகொண்டே வந்தால், அட்ரினல் சுரப்பியின் பிறவிக் குறையும் காரணமாக இருக்கலாம். அதில் சோடியம் இறங்கும், பொட்டாசியம் ஏறும். பெண் குழந்தைகளிடம் பிறப்புறுப்பின் தோற்றத்தால் இது பிறந்தவுடன் தெரியவரும். ஆண் குழந்தைகளிடம் தெரியாமல் போய்விடுவது உண்டு.

வேறு சில குழந்தைகளுக்கு, உணவைச் சிதைக்கும் நொதிகளில் பிறவியிலேயே குறை இருக்கும். முதல் சில நாள் நன்றாக இருந்துவிட்டு, பால் குடிப்பதை நிறுத்தி, மயங்கி, வேகமாக மூச்சு விடும். இத்தகைய நோய்கள் பல, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே குறை சேரும்போது வெளிப்படுபவை. சொந்தத்தில் மணம் முடித்த குடும்பங்களில் அதற்கான வாய்ப்பு கூடுகிறது. தாய்மாமன் உறவா, அத்தை மகனா என்பதையும், முன்பு ஒரு குழந்தை காரணம் தெரியாமல் இறந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் தயங்காமல் சொல்ல வேண்டும். அவர் கேட்பது குறைகாண்பதற்கு அன்று. எந்தப் பரிசோதனையை முதலில் செய்வது என்று தீர்மானிக்கவே.

சற்று வளர்ந்த குழந்தை அடிக்கடி சிறுநீர் கழித்து, தணியாத தாகத்துடன் மெலிந்து, நின்றுபோன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்பி வந்து, பின்னர் வயிற்றுவலி, வாந்தி, ஆழ்ந்த மூச்சு என்று வந்தால், முதல்வகை நீரிழிவால் இரத்தத்தில் அமிலம் கூடியிருக்கக்கூடும். விரல்நுனியில் எடுக்கும் ஒரு சொட்டு இரத்தமே இதைக் காட்டிவிடும். குழந்தைக்குச் சர்க்கரை நோய் வராது என்ற எண்ணத்தால் அந்த ஒரு சொட்டு எடுக்கப்படாமல் போவதுதான் வருத்தத்துக்குரியது.

வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லை, கால் எலும்பு வளைகிறது, சிறுநீர் மிகுதியாகப் போகிறது என்றால், அமிலத்தை வெளியேற்றும் சிறுநீரக நுண்குழாய்களில் குறை இருக்கலாம். சிட்ரேட் அல்லது பைகார்பனேட் மருந்தைப் பல ஆண்டுகள் இடைவிடாமல் கொடுத்தால் இக்குழந்தைகள் நன்கு வளர்வர். குணமாகிவிட்டது என்று நடுவில் நிறுத்திவிடுவதே இங்குத் தொல்லை.

மருத்துவமனையில் நடப்பவை

இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், யூரியா, சர்க்கரை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். அமில-கார நிலையை அறியச் சில வேளை மணிக்கட்டுத் தமனியிலிருந்து இரத்தம் எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் எடுப்பது சிறிதளவே. பொட்டாசியம் மிகுதி என்று முடிவு வந்தால் மீண்டும் இரத்தம் கேட்கக்கூடும். சிறு குழந்தையின் குதிகாலை அழுத்தி எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றின் உள்ளிருக்கும் பொட்டாசியம் கலந்துவிடும். அதனால் வரும் பொய்யான உயர்வை விலக்கவே இரண்டாம் முறை எடுக்கிறார்கள்.

கடுமையாக நீர் வற்றிய குழந்தைக்கு ரிங்கர் லாக்டேட் ஏற்றப்படும். அதிலுள்ள லாக்டேட்டைக் கல்லீரல் பைகார்பனேட்டாக மாற்றுவதால் அமிலமும் படிப்படியாகத் தணியும். இழந்த நீரை ஈடுசெய்வது முதல் சில மணி நேரத்தில் விரைவாக நடக்கும். ஆனால் மிகுந்துவிட்ட சோடியத்தைக் குறைப்பது அவ்வாறு அன்று. நாளொன்றுக்கு 10 முதல் 12 மில்லிமோலுக்கு மேல் இறங்காதபடி, இரண்டு நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்வார்கள். உப்பு மிகுந்த நிலைக்கு மூளைச் செல்கள் தம்மைப் பழக்கிக்கொண்டிருக்கும்; திடீரென்று செறிவு குறைந்தால் அவை வீங்கிவிடும். 'மூன்று நாளாகியும் அதே பாட்டில்தான் ஓடுகிறது' என்று மனம் நொந்து, குழந்தையை வேறிடத்துக்குத் தூக்கிச் செல்ல எண்ணும் பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும். அந்த மெதுவே சிகிச்சை.

உடனே புறப்பட வேண்டிய நிலைகள்

குழந்தை குடிக்க மறுத்தாலோ, குடித்ததை எல்லாம் வாந்தி எடுத்தாலோ, எழுப்பினாலும் விழிக்காமல் மயங்கிக் கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சு வேகமாகவோ ஆழமாகவோ இழுத்தாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் பிரியாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ 108-ஐ அழையுங்கள். ஆஸ்துமா அல்லது நுரையீரல் அழற்சியால் வேகமாக மூச்சுவிட்ட குழந்தை, திடீரென மெதுவாக மூச்சுவிட்டு உறக்கத்தில் ஆழ்ந்தால் அதைத் தேறியதாக எண்ணாதீர்கள். மூச்சுத் தசைகள் களைத்து, கரியமில வாயு உள்ளே தேங்குகிறது என்பது அதன் பொருளாக இருக்கலாம்.

கோவில்பட்டி அரசு மருத்துவமனையிலிருந்து திருநெல்வேலி அல்லது தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப நேர்ந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம் உண்டு. உட்கிராமங்களிலிருந்து இன்னும் கூடுதல். குழந்தை விழிப்புடன் இருந்து விழுங்க முடிந்தால், வழியிலும் கரைசலைத் தேக்கரண்டியால் கொடுத்துக்கொண்டே செல்லலாம். மயங்கிய குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பயன்படுத்திய பொட்டலத்தின் உறை, பால்பவுடர் டப்பா, அளவுக் கரண்டி ஆகியவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எதை எவ்வளவு நீரில் கலந்தீர்கள் என்பதை அவற்றைக் கொண்டு மருத்துவர் கணக்கிடுவார். அவசரமில்லாத ஐயங்களுக்கு 104 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம்.

வீடு திரும்பிய பின்

கழிச்சலுக்கான துத்தநாக மாத்திரையை 14 நாள் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம். இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10 மில்லிகிராம், அதாவது பாதி மாத்திரை. ஒரு தேக்கரண்டி தாய்ப்பாலிலோ காய்ச்சி ஆறவைத்த நல்ல தண்ணீரிலோ கரைத்துக் கொடுக்கலாம். மூன்றாம் நாள் கழிச்சல் நின்றுவிட்டாலும் மீதி நாட்களுக்கும் கொடுக்க வேண்டும். வழக்கமான உணவை நிறுத்தாமல், இரண்டு வாரத்துக்கு ஒருவேளை கூடுதலாக ஊட்டுங்கள். ஒரு வாரம் கழித்து அங்கன்வாடியில் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த மாதங்களில் மிகுதியாகக் காணப்படும் ரோட்டா வைரஸ் கழிச்சலுக்கான சொட்டு மருந்து, 2016 முதல் படிப்படியாகத் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, 6, 10, 14-ஆவது வாரங்களில் கட்டணமின்றிக் கொடுக்கப்படுகிறது. குழந்தையின் அட்டையில் அந்த மூன்று தவணைகளும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று அடுத்த முறை செல்லும்போது கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுப் பாருங்கள்.